அப்பாவின் மேசைக்கு டச் கம்ப்யூட்டர் வாங்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கல்லிடைக்குறிச்சியில் உங்கள் அப்பா அப்பள வியாபாரம் செய்கிறார். பன்னிரண்டு வருடமாக ஒரே மேசை, விண்டோஸ் 7 போட்ட ஒரே கம்ப்யூட்டர், அதில் டேலி என்ற கணக்கு மென்பொருள். இப்போது அது அடிக்கடி நின்றுபோகிறது. "இனி வருகிற ஓ.எஸ். எல்லாம் டச்சை மனதில் வைத்துத்தான் செய்கிறார்கள், திரைக்குள்ளேயே கம்ப்யூட்டர் அடங்கிய, டச் ஸ்கிரீன் உள்ள ஆல்-இன்-ஒன் வாங்கிவிடலாம்" என்று நீங்கள் சொன்னீர்கள். "ஏலே, கண்ணாடியத் தடவிக்கிட்டு இருக்கதுக்கா நான் கணக்கு எழுதுதேன்?" என்று அவர் மறுத்துவிட்டார். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தொட்டால் வேலை செய்யும் கண்ணாடி ஒன்று. விரலுக்கென்று அளவெடுத்துத் தைத்த ஓ.எஸ்., அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸ் போன்ற அடிப்படை மென்பொருள், இன்னொன்று. கண்ணாடியைப் பிடிக்கவில்லை என்றால் தொடாமல் இருந்துவிடலாம், கொடுத்த காசுதான் நஷ்டம். ஓ.எஸ். அப்படியில்லை. அது காலை முதல் இரவு வரை கண்முன்னே நிற்கும். அதன் பொத்தான் அளவும் வரி இடைவெளியும் உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் உங்கள் வேலைக்குள் நுழைந்துவிடும். அதனால் உண்மையில் நீங்கள் கேட்பது, விரலுக்காகச் செய்த ஓ.எஸ்., நாள் முழுக்க உட்கார்ந்து கீபோர்டிலும் மவுஸிலும் கணக்கு எழுதுகிறவருக்குப் பொருந்துமா என்பதுதான். அந்த வேலைக்குப் பொருந்தாது என்பது என் பதில். ஆனால் இன்றைக்குக் கடையில் கிடைக்கும் விண்டோஸ் 11 முழுக்க விரலுக்கென்று செய்ததும் அல்ல. ஆகவே அப்பா பயப்பட வேண்டியதில்லை, நீங்கள் டச்சுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதும் இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் பாளையங்கோட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பாடம் சொல்லிக்கொடுத்து, பிறகு கம்ப்யூட்டர் பயிற்சிக்கு மாறியவள். இருபத்தெட்டு வருடம் ஆகிறது. திருநெல்வேலி ஜங்ஷன், டவுன், மேலப்பாளையம், அம்பாசமுத்திரம் என்று கடைகளுக்கே போய்க் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு உட்கார்ந்து பழக்கிக்கொடுத்திருக்கிறேன். மென்பொருள் எழுதத் தெரியாது. ஒரு மனிதர் மேசை முன்னால் எட்டு மணிநேரம் உட்கார்ந்தால் அவருடைய கை எங்கே போகிறது, எங்கே வலிக்கிறது என்பதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவள் என்ற முறையில்தான் சொல்கிறேன்.

டைப்ரைட்டிங் வகுப்பில் முதல் நாள் நாங்கள் சொல்லிக்கொடுப்பது எழுத்தை அல்ல, உட்காருவதை. முதுகு நேராக, முழங்கை உடம்போடு ஒட்டி, மணிக்கட்டு தொங்காமல், இடது கை விரல்கள் ஏ, எஸ், டி, எஃப் மேலும் வலது கை விரல்கள் ஜே, கே, எல், அரைப்புள்ளி மேலும் இருக்க வேண்டும். உங்கள் கீபோர்டில் எஃப், ஜே இரண்டு விசைகளிலும் ஒரு சின்ன மேடு இருக்கும், தடவிப் பாருங்கள். கண்ணைத் தாளை விட்டு எடுக்காமலே விரல் தன் வீட்டைக் கண்டுபிடிப்பதற்கான அடையாளம் அது. மவுஸ் அந்த வீட்டிலிருந்து ஒரு சாண் தூரம். கை மேசையிலேயே ஊர்ந்து போய் ஊர்ந்து வந்துவிடும், முழங்கையைத் தூக்க வேண்டியதில்லை. டச் ஸ்கிரீன் என்றால் கை அந்த வீட்டை விட்டு எழுந்து, முன்னால் நீண்டு, நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் அந்த மேட்டைத் தேட வேண்டும். ஒருதரம், இரண்டுதரம் பரவாயில்லை. ஒரு நாளைக்கு நூறு பில் போடுகிறவருக்கு அது நூற்றுக்கணக்கான தூக்கல்.

இது என் ஊகம் அல்ல, நாற்பது வருடமாகத் தெரிந்த சங்கதி. 1983-இலேயே ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் எச்பி-150 என்ற டச் ஸ்கிரீன் மேசைக் கம்ப்யூட்டரை விற்றது. திரையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை ஓடவிட்டு, விரல் எந்த இடத்தில் மறிக்கிறது என்று பார்க்கும் ஏற்பாடு அது. அந்தக் காலத்திலிருந்தே, நிமிர்ந்த திரையைக் கை தூக்கித் தொட்டுக்கொண்டே இருந்தால் வரும் அசதிக்குக் கொரில்லாக் கை என்று ஒரு பெயர் புழக்கத்தில் இருக்கிறது. ஐபேடை வெளியிட்ட அதே 2010-ஆம் வருடம் அக்டோபரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், மேக் கணினிக்கு ஏன் டச் ஸ்கிரீன் வைக்கவில்லை என்பதற்கு மேடையிலேயே இந்தக் காரணத்தைத்தான் சொன்னார். நிமிர்ந்த பரப்பைத் தொட்டு வேலை செய்தால் கொஞ்ச நேரத்தில் கை சோர்ந்துவிடும் என்று சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டோம் என்றார். போன் நமக்கு அலுக்காமல் இருப்பதற்குக் காரணம் அது உள்ளங்கையில், மடியில், படுக்கையில் கிடக்கிறது. முழங்கைக்கு ஒரு தாங்கல் இருக்கிறது. அதே கையைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டருக்கு நேரே நீட்டி இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கைவலி பாதிக் கதைதான். மீதிப் பாதி கண்ணில் இருக்கிறது. மவுஸ் அம்புக்குறியின் முனை திரையில் ஒரே ஒரு புள்ளி. விரல் நுனியோ ஒரு பட்டாணி அகலம், அதோடு தொடும்போது தொடுகிற இடத்தையே மறைத்துவிடும். அதனால் டச்சுக்குச் செய்கிறவர்கள் பொத்தானைப் பெரிதாக்கியே ஆக வேண்டும். ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிறவர்களுக்குக் கூகுள் சொல்லும் குறைந்தபட்ச அளவு கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். ஆப்பிளுக்கும் இதேபோல ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. போனில் அது நியாயம். அதையே மேசைத் திரைக்குக் கொண்டுவந்தால் வரிக்கு வரி இடைவெளி கூடும், ஒரு பார்வையில் நாற்பது வரி தெரிந்த இடத்தில் இருபத்தைந்துதான் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் பார்க்கிறவருக்கு இது ஒன்றுமே இல்லை. உங்கள் அப்பா பார்ப்பது லெட்ஜர். வீரவநல்லூர் கடைக்காரர் போன மாதம் எவ்வளவு பாக்கி வைத்தார், இந்த மாதம் எவ்வளவு கொடுத்தார் என்று அவர் கண் மேலும் கீழும் ஓடிச் சரிபார்க்கிறது. அந்த ஓட்டத்தை ஸ்க்ரோல் வந்து வெட்டினால், முன் பக்கத்து எண்ணை மனதில் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கம் போக வேண்டும். கணக்கில் தப்பு நுழைகிற இடம் அதுதான்.

இன்னும் ஒன்று, பலர் கவனிக்காதது. மவுஸை க்ளிக் செய்யாமல் அம்புக்குறியை ஒரு பொத்தானின் மேலே நிறுத்தி வைக்கலாம். உடனே அது என்ன செய்யும் என்று ஒரு சின்னக் குறிப்பு வரும். விரலுக்கு அந்த வசதி இல்லை, தொட்டால் தொட்டதுதான். ரைட் க்ளிக்குக்குப் பதில் விரலை அழுத்திப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் ஒரு கணக்குச் சொன்னார்: ஓர் இலக்கை எட்டும் நேரம் அதன் தூரம் கூடக் கூடக் கூடும், அதன் அகலம் கூடக் கூடக் குறையும். திரையின் ஓரத்திலும் மூலையிலும் வைத்த பொத்தானை மவுஸ் வேகமாகப் பிடிப்பதற்குக் காரணம், அம்புக்குறி ஓரத்தில் முட்டித் தானே நின்றுவிடுகிறது. அந்த விளிம்பு ஒரு பெரிய இலக்கு போல உதவுகிறது. கையைத் தூக்கித் தொடுகிறவருக்கு அந்த உதவி கிடையாது. அவருக்கு மூலை என்பது வெறும் தூரம்.

சரி, ஓ.எஸ். செய்கிறவர்களுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்தும் ஒருமுறை பெரிய அளவில் முயன்று பார்த்தார்கள். 2012 அக்டோபர் 26 அன்று வந்த விண்டோஸ் 8-ஐச் சொல்கிறேன். ஐபேட் வந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது; எல்லோரும் டேப்லெட்டுக்குப் போய்விடுவார்கள் என்ற பேச்சு எங்கும் இருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும் பழைய டெஸ்க்டாப் வராமல் திரை முழுக்கப் பெரிய பெரிய சதுரங்கள் வந்தன. 1995-இலிருந்து இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரை நிறுத்த வேண்டுமானால் வலது பக்க மூலைக்கு மவுஸைக் கொண்டுபோய் ஒளிந்திருக்கும் பட்டையை வரவழைத்து, அதில் செட்டிங்ஸ் போய், அதற்குள் பவர் தேட வேண்டும். டேப்லெட்டில் இதெல்லாம் ஒரு விரல் இழுப்பில் வரும், அழகாகவே இருக்கும். மவுஸுக்கு அது புதிர். ஒரு வருடத்தில், 2013 அக்டோபரில், 8.1-இல் ஸ்டார்ட் பொத்தான் திரும்பி வந்தது. நேராக டெஸ்க்டாப்புக்கே போகும் வழியும் வந்தது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது ஸ்டார்ட் மெனுவே திரும்பியது. டச்சுக்கென்று டேப்லெட் மோடு என ஒரு தனி நிலை வைத்து, வேண்டுமானால் மாறிக்கொள் என்று விட்டுவிட்டார்கள்.

லினக்ஸ் என்ற இலவச ஓ.எஸ். பக்கமும் இதே காலத்தில் இதே சண்டைதான். 2011 ஏப்ரலில் க்னோம் 3 என்ற புதிய முகப்பு வந்தது, அதே மாதம் உபுண்டு என்ற லினக்ஸ் வகை தன் யூனிட்டி முகப்பை மேசைக் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்தது. பழைய மெனுவும் பட்டையும் போனது பிடிக்காதவர்கள் மாட்டே, சின்னமன் என்று வேறு முகப்புகளைக் கட்டிக்கொண்டு போனார்கள். உபுண்டுவே 2017-இல் யூனிட்டியைக் கைவிட்டது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒருதலையாகப் பேசுகிறேன் என்று ஆகிவிடும். விரலுக்கென்றே பிறந்த ஐபேட் 2020 மார்ச்சில் மவுஸையும் டிராக்பேடையும் முறையாக ஏற்றுக்கொண்டது. அதில் அம்புக்குறிக்குப் பதில் விரல்நுனி போல ஒரு வட்டம் வரும். பொத்தான் பக்கத்தில் போனால் அந்த வட்டம் பொத்தான் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். சாம்சங் 2017-இலேயே போனை ஒரு தாங்கியில் சொருகி மானிட்டரோடு இணைத்தால் ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும் டெக்ஸ் என்ற வசதியைக் கொடுத்தது. மேசைக்காரர்கள் விரல் பக்கம் போய்ப் பாதியில் திரும்பினார்கள், விரல்காரர்கள் மேசைக்கு வரும்போது மவுஸையும் ஜன்னலையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இந்த இரண்டாவது நகர்வுதான் எனக்கு அதிக நம்பிக்கை தருகிற சாட்சி. உட்கார்ந்து வேலை செய்கிறவரின் தேவை என்னவென்று, டச்சை விற்றவர்களே ஒப்புக்கொண்ட இடம் அது.

இதுவரை சொன்னதில் தேதிகளும் அளவுகளும் கைவலியும் உறுதியானவை. இனிச் சொல்வதில் கொஞ்சம் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும், பிரித்துப் படியுங்கள். விண்டோஸ் 8-ஐ மக்கள் ஒதுக்கியதற்கு டச் மட்டும்தான் காரணமா என்றால், இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பழகிய பாதையை ஒரே ராத்திரியில் மூடிவிட்டதும் ஒரு காரணம். டவுனில் தேரோட்டம் என்று ரதவீதியை அடைத்தால் வண்டிக்காரர் எல்லோரும் சலிக்காமல் சுற்றிப் போவார்கள், ஏனென்றால் அது எதற்கென்று தெரியும், நாளைக்குத் திறந்துவிடும் என்றும் தெரியும். எதற்கென்று தெரியாமல் நிரந்தரமாக அடைத்தால் கோபம் வரும். அதே மாற்றத்தை மெதுவாக, மவுஸ்காரருக்கு ஒரு வழியை விட்டுவைத்துச் செய்திருந்தால் எவ்வளவு எதிர்ப்பு வந்திருக்கும் என்பதை யாரும் அளந்துவிட முடியாது. பெரிய பொத்தான் எல்லோருக்கும் கெடுதல் என்றும் நான் சொல்லமாட்டேன்.

அதற்கு ஓர் ஆளைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், என்னிடம் கம்ப்யூட்டர் பழக வந்தார். அவருக்கு டபுள் க்ளிக் வரவே இல்லை. முதல் க்ளிக்குக்கும் இரண்டாவது க்ளிக்குக்கும் நடுவில் கை நடுங்கி மவுஸ் நகர்ந்துவிடும். ஃபைல் திறப்பதற்குப் பதில் வேறிடத்துக்கு இழுபட்டுப் போகும். மூன்று வாரம் முயன்றோம். பிறகு நானே அவர் மகனிடம் ஒரு பெரிய டேப்லெட் வாங்கச் சொன்னேன். மேசையில் சாய்த்து வைத்து, காலையில் பத்திரிகை, சாயங்காலம் வெளிநாட்டில் இருக்கும் மகளோடு வீடியோ பேச்சு என்று மனிதர் மலர்ந்துவிட்டார். அவர் செய்தது முழுக்கப் பார்ப்பதும் தேர்ந்தெடுப்பதும், எழுதுவது கொஞ்சம்தான். அவருக்கு விரல் ஓ.எஸ். ஒரு வரப்பிரசாதம். உங்கள் அப்பாவுக்கும் கை நடுக்கமோ, பார்வைக் குறையோ இருந்தால் என் பதிலில் பாதி மாறும், அதைச் சொல்லுங்கள்.

இனி டேலிக்கு வருவோம். அப்பாவின் முடிவுக்கு உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. டேலி ஆரம்பத்திலிருந்தே கீபோர்டுக்காகச் செய்தது. எஃப்5 அடித்தால் பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல், எஃப்2 தேதி, கண்ட்ரோல்-ஏ அடித்தால் பதிவு. பன்னிரண்டு வருடம் பழகியவர் இதைப் பார்த்து அடிக்கமாட்டார். அவர் கண் கையிலுள்ள சிட்டையில் இருக்கும், விரல் தானே போகும். 2020-இல் டேலிப்ரைம் என்று புதிய முகத்தோடு வந்தபோதும் இந்த விசைகளை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆல்ட்-ஜி என்று ஒரு புதுக் குறுக்குவழியையும் கீபோர்டிலேயே சேர்த்தார்கள். நீங்கள் எவ்வளவு நல்ல டச் ஸ்கிரீன் வாங்கி வைத்தாலும், இந்த மென்பொருளுக்குள் போனபிறகு அது சும்மாதான் நிற்கும்.

தமிழில் விலாசமும் சரக்குப் பெயரும் அடிக்கிற பழக்கம் உங்கள் கடையில் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால் இதையும் கவனியுங்கள். 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 கீபோர்டில் உயிரெழுத்துகள் இடது கைக்கு, பெரும்பாலான மெய்கள் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு தரம் அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். 'அப்பளம்' என்று அடிக்க அ, ப, ப, ள, ம, புள்ளி என்று ஆறே தட்டு. ப இருப்பது ஜே மேட்டின் மேல், புள்ளி இருப்பது எஃப் மேட்டின் மேல். விரல் வீட்டை விட்டு அதிக தூரம் போகவே வேண்டாம். டச் ஸ்கிரீனில் அதே கீபோர்டு திரையின் கீழ்ப்பாதியை எடுத்துக்கொண்டு வரும், மேடும் இருக்காது, பில்லில் பாதி மறைந்துவிடும். போனில் கட்டைவிரலால் வேகமாகத் தமிழ் அடிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்கள் அடிப்பது ஒரு வரி செய்தி, ஐம்பது வரி பட்டியல் இல்லை.

பிள்ளைகள் என்றதும் நினைவு வருகிறது. கோடை விடுமுறை வகுப்புக்கு வருகிற பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், ஏழெட்டு வருடமாகவே, முதல் நாள் வந்ததும் எங்கள் பழைய மானிட்டரைத் தொட்டுத்தான் பார்க்கிறார்கள். படம் நகரவில்லை என்றதும் இன்னொரு தரம் அழுத்தித் தொடுவார்கள். ஃபோல்டர் என்றால் என்ன, சேமித்தது எங்கே போகும் என்பதெல்லாம் அவர்களுக்குப் புதிது. இந்தத் தலைமுறை வேலைக்குப் போகும்போது மேசையிலும் டச்தான் கேட்கும் என்று நானே ஒரு காலத்தில் நினைத்தேன். கணக்கு வேலைக்குப் போனவர்கள் மூன்று மாதத்தில் மவுஸைக்கூட விட்டுவிட்டு விசைகளுக்கு மாறியதைத்தான் பார்த்தேன். ஆனால் நான் பார்த்தது என்னிடம் டைப்பிங் படிக்க வந்தவர்களை மட்டும். அதை வைத்து ஒரு தலைமுறைக்கே தீர்ப்புச் சொல்லக் கூடாது. பேனா போன்ற குச்சியை வைத்துத் திரையிலேயே வரைகிறவர்கள், கட்டட வரைபடம் போடுகிறவர்கள் வேலையும் என் அனுபவத்துக்கு வெளியே. அவர்களுக்கு டச் வேறு மாதிரிப் பயன்படும். அதை அவர்களிடமே கேட்க வேண்டும்.

டச் நன்றாக வேலை செய்யும் இடம் எது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வியாபாரத்திலேயே அப்படி ஓர் இடம் இருக்கலாம். டவுனில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணாச்சி பலகாரக் கடை வைத்திருக்கிறார். பில் போட ஒரு டச் மெஷின் வாங்கினார். நின்றுகொண்டே, படத்தைத் தொட்டால் அரைக் கிலோ அல்வா, கால் கிலோ மிக்சர் என்று பில் விழுந்துவிடும். வேலைக்கு வந்த பையன் ஒரே நாளில் பழகிக்கொண்டான். கடைக்குக் கூட்டம் வரும் சாயங்கால நேரத்தில் மவுஸும் கீபோர்டும் அந்த வேகத்தைக் கொடுக்காது. மெஷின் மேசையில் தாழ்வாகச் சாய்ந்திருந்ததால் கையும் வலிக்கவில்லை. அண்ணாச்சி அதோடு நிற்காமல், ராத்திரி கடை அடைத்தபிறகு சரக்கு இருப்பையும் கொள்முதல் கணக்கையும் அதே திரையில் அடிக்க ஆரம்பித்தார். ஒரு மாதம் தாங்கவில்லை. "பகல்ல இது தங்கம் யக்கா, ராத்திரி தோளப் புடுங்குது" என்றார். ஒரு சாதாரணக் கீபோர்டை வாங்கி அதில் சொருகிக் கொடுத்தேன், தீர்ந்தது. மெஷினும் அதேதான், ஆளும் அதே ஆள்தான். நின்றுகொண்டு பத்துப் பதினைந்து பொருளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது விரல் போதும். உட்கார்ந்து எண்ணும் எழுத்துமாக அடிக்கும்போது போதவில்லை.

அந்தக் கடையில் இன்னொன்றும் பார்த்தேன். நெய்க்கை, ஈரக்கை பட்டால் திரை சொன்னபடி கேட்காது. இப்போதைய டச் திரைகளில் பெரும்பாலானவை விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்பவை. தண்ணீர்த் துளி பட்டால் அதையும் விரல் என்று எடுத்துக்கொள்ளும், இல்லை குழம்பிப்போகும். சித்திரை வெயிலில் வேர்க்காத கை நம்மூரில் யாருக்கு இருக்கிறது? அழுத்தத்தை உணரும் பழைய வகைத் திரையும் உண்டு. அதை நகத்தாலும் பேனா மூடியாலும் அழுத்தலாம், ஆனால் போன் திரை போல வழுக்கிக்கொண்டு போகாது. உங்கள் கடையில் உளுந்து மாவு பறக்கும். அந்த வகையில் டச்சுக்கு ஒரு நல்ல புள்ளி கொடுத்தே ஆக வேண்டும்: கண்ணாடியைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் சுத்தமாகிவிடும், கீபோர்டு இடுக்கில் போன மாவு போனதுதான். சிலிக்கான் உறை ஒன்று வாங்கிப் போட்டால் ஓரளவு தப்பிக்கலாம்.

இனி என்ன வாங்கலாம் என்பதற்கு வருகிறேன். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஜிஎஸ்டியும் வங்கிக் கணக்கும் திறக்கிற கம்ப்யூட்டர் என்பதால் பழையதிலேயே ஓட்டுவதை நான் ஆதரிக்கமாட்டேன். விண்டோஸ் 11-க்குப் போகத்தான் வேண்டும். உங்கள் பழைய பெட்டியில் அது ஏறாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு அதற்கு வேண்டும். லினக்ஸ் மின்ட் பார்ப்பதற்கு விண்டோஸ் 7 போலவே இருக்கும், எனக்குப் பிடித்ததும் அதுதான், ஆனால் டேலி அதில் நேரடியாக ஓடாது, ஆகவே அப்பாவுக்கு வேண்டாம். டச் இல்லாத சாதாரண டெஸ்க்டாப், தனி மானிட்டர் என்று வாங்குங்கள். ஆல்-இன்-ஒன்னில் திரை போனால் மொத்தப் பெட்டியையும் சர்வீஸுக்குத் தூக்கிப்போக வேண்டும். தனித்தனி என்றால் ஒரு மானிட்டரை மாட்டிவிட்டு அன்றைக்கே பில் போடலாம். டச்சுக்குக் கொடுக்க நினைத்த காசில் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் உள்ள பெட்டியும் நல்ல யுபிஎஸ்ஸும் வாங்க முடியும்.

விண்டோஸ் 11-இலும் விரலின் சாயல் கொஞ்சம் உண்டு, அதைக் குறைக்கலாம். டாஸ்க்பார் நடுவில் இருப்பதைச் செட்டிங்ஸில் போய் இடது பக்கம் மாற்றிவிடுங்கள், அப்பாவின் மவுஸ் பழைய மூலைக்கே போகும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ என்பதற்குள் காம்பாக்ட் வியூ என்று இருக்கிறது. அதைப் போட்டால் வரிகள் நெருங்கி வந்து பழைய மாதிரி நிறையத் தெரியும். ரைட் க்ளிக் மெனு சுருங்கிவிட்டதாக அவர் குறைப்பட்டால் ஷிப்டைப் பிடித்துக்கொண்டு ரைட் க்ளிக் செய்யச் சொல்லுங்கள், பழைய மெனு முழுசாக வரும். எழுத்துச் சின்னதாக இருந்தால் டிஸ்ப்ளேயில் அளவை 125 சதவீதம் வையுங்கள். ரைட் க்ளிக் தவிர மற்ற மூன்றையும் கம்ப்யூட்டரை அவர் மேசையில் வைப்பதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள்.

அனுப்புகிற சரக்கை எண்ணிப் பெட்டி போடும் இடத்தில் யாராவது நின்றுகொண்டு குறிப்பு எடுக்கிறார்கள் என்றால், அங்கே ஒரு சாதாரண டேப்லெட் வைத்துப் பாருங்கள், உங்கள் டச் ஆசையும் வீணாகாது. வாங்குவதற்கு முன் ஒரு நாள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மணிநேரத்தில் அவர் கை எத்தனை தரம் கீபோர்டை விட்டு எழுகிறது என்று எண்ணுங்கள். நான் சொன்னது உங்கள் கடைக்குப் பொருந்துமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம், பழைய பெட்டியை யாரிடமும் கொடுப்பதற்கு முன்னால் டேலியின் டேட்டா ஃபோல்டரைப் பென் டிரைவில் ஒன்று, வேறு ஒரு டிஸ்க்கில் ஒன்று என்று இரண்டு பிரதி எடுத்து, புதிய கம்ப்யூட்டரில் திறந்து, போன வருட மார்ச் 31 இருப்பு ஒத்துவருகிறதா என்று அப்பாவையே பார்க்கச் சொல்லுங்கள்.